பழைய டவலில் சிமென்ட் பூந்தொட்டி: துணி தேர்விலிருந்து செடி நடும் வரை

தண்ணீரில் கரைத்த சிமென்ட் பாலில் துணியை முக்கி, கவிழ்த்து வைத்த வாளியின் மேல் போர்த்தி, இறுகியதும் திருப்பி வைத்தால் மடிப்பு மடிப்பாக ஒரு பூந்தொட்டி கிடைத்துவிடும். கொத்து வேலை தெரியாதவர்கள்கூட ஒரு பிற்பகலில் வார்த்துவிடலாம். ஆனால் இப்படிச் செய்த தொட்டிகளில் பல, ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் விளிம்பு பொரிந்து, உள்ளே இருக்கும் துணியைக் காட்ட ஆரம்பித்துவிடும். காரணம் அநேகமாக மூன்றில் ஒன்றாக இருக்கும். துணிக்குள் சிமென்ட் இறங்கியிருக்காது, பூச்சு மெலிசாகப் போயிருக்கும், அல்லது ஈரம் காட்டாமல் வெயிலில் காயவைத்திருப்பார்கள். இந்த மூன்றையும் சரியாகப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் கைவாகுதான்.

பலம் துணியில் இல்லை

1867-இல் ஜோசப் மோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர், சிமென்ட் தொட்டிக்குள் இரும்புக் கம்பி வலை வைத்துச் செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று கட்டடங்களில் கம்பி கட்டிப் போடும் கான்கிரீட்டின் தொடக்கக் காலக் காப்புரிமைகளில் அதுவும் ஒன்று. நம் தொட்டியில் துணிதான் அந்தக் கம்பியின் வேலையைச் செய்கிறது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். செய்யாது. அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு, ஈரமான சிமென்ட்டில் 12-க்கும் மேலே, கடுமையான காரமாக இருக்கும். பருத்தி, சணல் போன்ற நார்கள் அவ்வளவு காரத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் நைந்து, முறுகி, இழுவையைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். துணியின் வேலை, சிமென்ட் இறுகும் வரை அதைச் சிந்தாமல் பிடித்துவைத்து வடிவம் கொடுப்பது மட்டும்தான். அதற்குப் பிறகு நிற்பது சிமென்ட் ஓடு.

அந்த ஓடு நிற்பதற்குக் கனமும் மடிப்பும் வேண்டும். கனம் எங்கும் 5 முதல் 6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மடிப்பு வெறும் அழகுக்கு என்று விட்டுவிடாதீர்கள். தட்டையான தகடு எளிதில் வளையும், அதையே நெளிநெளியாக்கிக் கூரைத் தகடாக்கினால் விறைப்பாகிவிடும். இங்கேயும் நடப்பது அதுதான். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஹைன்ஸ் இஸ்லர், ஈரத்துணியைத் தொங்கவிட்டு உறையவைத்து, அதைத் தலைகீழாக்கிப் பார்த்து மெல்லிய கான்கிரீட் கூரைகளுக்கு வடிவம் தேடினார். தொங்கும் துணியில் இருப்பது இழுவிசை. திருப்பினால் அது அமுக்குவிசையாகிவிடும், கான்கிரீட்டுக்குப் பிடித்தது அதுதான். தொட்டியில் ஈரமண் பக்கவாட்டிலும் தள்ளும் என்பதால் கணக்கு அவ்வளவு சுத்தமாக வராது. ஆனாலும் நல்ல மடிப்புள்ள தொட்டிக்கும் மடிப்பில்லாமல் மொழுமொழுவென்றிருக்கும் தொட்டிக்கும் வித்தியாசம் கையில் தூக்கும்போதே தெரியும்.

துணி

தண்ணீரை உறிஞ்சும் துணிதான் வேண்டும். டர்க்கி டவலுக்கு நிகர் எதுவும் இல்லை. அதன் நூல் வளையங்களுக்குள் சிமென்ட் போய் உட்கார்ந்துகொள்வதால், ஒரே முக்கலில் பாதிக் கனம் வந்துவிடும். பழைய ஃபிளீஸ் போர்வையும் நன்றாக வேலை செய்யும். அதில் மடிப்புகள் இன்னும் உருண்டையாக விழும். சாக்குத் துணி முரட்டுத் தோற்றம் தரும், ஆனால் இழைகளுக்கு நடுவே ஓட்டை இருப்பதால் இரண்டு அடுக்காகப் போட வேண்டியிருக்கும். வழுவழுப்பான பாலியஸ்டர் சேலை, திரைச்சீலை, குடைத்துணி எல்லாம் வேண்டாம். சிமென்ட் அதில் ஒட்டாமல் வழிந்து கீழே போய்விடும்.

துணியை முதலில் சோப்புப் போட்டுத் துவைத்து நன்றாக அலசுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் போட்டுப் பழகிய டவல் தண்ணீரை உறிஞ்சாது, புது டவலின் கஞ்சியும் அப்படித்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உள்ளே இறங்கினால் சரி, உருண்டு நின்றால் இன்னொரு அலசல். டவலின் ஓரத்தில் தடித்த தையல் பட்டை இருந்தால் வெட்டி எறிந்துவிடுங்கள். அது இருந்தால் விளிம்பு நெளியாமல் விறைத்து நிற்கும்.

அச்சும் அளவும்

அச்சு என்பது ஒரு பிளாஸ்டிக் வாளிதான். கவிழ்த்து வைக்கும்போது அதன் அடிப்பக்கம் மேலே வரும்; அதுவே தொட்டியின் அடிப்பாகம் ஆகும். எனவே அடி தட்டையாக இருக்கட்டும். வாளியின் அடியில் வளையமோ குழியோ இருந்தால் மேலே ஒரு வட்டமான பலகை வைத்துச் சமன் செய்யுங்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டால் பிறகு தொட்டி ஆடாது.

துணியின் அளவை முன்கூட்டியே கணக்குப் போடாமல் ஆரம்பிக்க வேண்டாம். 70 சென்டிமீட்டர் சதுரத் துணி, 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வாளி என்று வைத்துக்கொள்வோம். துணியின் பக்கத்திலிருந்து வாளியின் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்கினால் 25 சென்டிமீட்டர். பக்கங்களின் நடுவில் துணி அவ்வளவு தொங்கும். ஆனால் மூலைவிட்டம் 99 சென்டிமீட்டர் என்பதால் நான்கு மூலைகளும் கிட்டத்தட்ட 40 சென்டிமீட்டர் தொங்கும். திருப்பி வைக்கும்போது இந்த நான்கு மூலைகளும் உயர்ந்து நிற்கும் கொம்புகளாக மாறும். அது பிடித்திருந்தால் அப்படியே விடுங்கள். சீரான விளிம்பு வேண்டுமானால் துணியை வட்டமாக வெட்டிக்கொள்ளுங்கள். என் விருப்பம் இரண்டுக்கும் நடுவில்: மூலைகளை மட்டும் உருட்டி வெட்டிவிடுவது. கொம்பு கூர்மையாக இருந்தால் முதலில் உடைவது அதுதான்.

அந்த 40 சென்டிமீட்டரும் தரையைத் தொடாமல் அந்தரத்தில் தொங்க வேண்டும். வாளி உயரம் போதாவிட்டால் அதை ஒரு ஸ்டூல் மேலோ செங்கல் அடுக்கின் மேலோ வையுங்கள். அந்த ஸ்டூல் வாளியை விட அகலமாக இருக்கக் கூடாது. துணி அதன் மேல் குவிந்தால் விளிம்பு சப்பையாகிவிடும். வாளி முழுவதையும் மெல்லிய பாலித்தீன் தாளால் மூடுங்கள். தாளில் சுருக்கம் இருந்தால் தொட்டியின் உட்பக்கத்தில் அது பதியும், அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. வாளியின் கைப்பிடியைக் கழற்றிவிடுங்கள். துணி அதில் சிக்கி இறுகினால் தொட்டியை எடுக்க முடியாது. கீழே ஒரு பெரிய தார்ப்பாய் விரித்துக்கொள்ளுங்கள், நிறையவே சொட்டும்.

கலவை

மேலே சொன்ன அளவுத் துணிக்கு 4 கிலோ சிமென்ட், 2 கிலோ பொடி மணல், 1.8 முதல் 2 லிட்டர் தண்ணீர் தாராளமாகப் போதும். முடிந்த தொட்டி சுமார் 6 கிலோ எடை வரும். கொஞ்சம் கலவை மிஞ்சும். சாதாரண சாம்பல் சிமென்ட்டே போதும். வெளிர் நிறமோ வண்ணமோ வேண்டும் என்றால் வெள்ளைச் சிமென்ட் வாங்குங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை இதற்குப் பதிலாகப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. அது ஈரத்தில் இளகிக் கரையும்.

மணலைக் கொசுவலை அளவு சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். பெரிய மணி ஒன்று துணியில் மாட்டினாலும் அந்த இடம் சொறசொறவென்று நிற்கும். மணலே போடாமல் வெறும் சிமென்ட் பால் போதாதா என்றால், துணிக்குள் அது இன்னும் நன்றாக இறங்கும்தான், ஆனால் காயும்போது சுருங்கி முடிபோன்ற வெடிப்பு விடும். மணல் அந்தச் சுருக்கத்தைக் குறைக்கிறது.

பதம் கெட்டியான பெயின்ட் போல இருக்க வேண்டும். கையுறை போட்ட விரலை முக்கி எடுத்தால் விரல் தெரியாத அளவுக்கு மூடி நிற்க வேண்டும், சொட்டுச் சொட்டாக மெதுவாக வழிய வேண்டும். கையுறை தெரிந்தால் தண்ணீர் அதிகம். இறுகுவதற்குத் தேவையானதை விட அதிகமாகச் சேரும் தண்ணீர் பிறகு ஆவியாகிப் போய் அந்த இடத்தில் நுண்துளைகளை விட்டுச் செல்லும். அந்தத் துளைகள்தான் தொட்டியை வலுவிழக்கச் செய்யும். எனவே தண்ணீரில் முக்கால் பங்கை முதலில் எடுத்துக்கொண்டு, சிமென்ட்டையும் மணலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள். மீதித் தண்ணீரைப் பதம் பார்த்துச் சேருங்கள்.

விருப்பமிருந்தால் கட்டுமானக் கடையில் கிடைக்கும் எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் (செயற்கை ரப்பர் பால்) அல்லது அக்ரிலிக் பாலை, டப்பாவில் சொன்ன அளவில், தண்ணீரின் ஒரு பங்குக்குப் பதிலாகச் சேர்க்கலாம். ஒட்டும் தன்மை கூடும், வெடிப்பு குறையும். மரவேலைக்கான வெள்ளைப் பசையை இதற்குப் பதில் போட வேண்டாம். தொடர்ந்து ஈரம் பட்டால் அது மறுபடி இளகிவிடும், பூந்தொட்டியில் ஈரத்துக்குக் குறைவே இல்லை.

இப்போது கைகளைப் பற்றி. சிமென்ட் பால் தோலைப் பொசுக்கும். எரிச்சல் உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும், அதுதான் ஆபத்து. முழங்கை வரை வரும் ரப்பர் அல்லது நைட்ரைல் கையுறை போடுங்கள். துணிக் கையுறை போடவே வேண்டாம். அது சிமென்ட்டை உறிஞ்சித் தோலோடு ஒட்டிவைத்துக்கொள்ளும். காய்ந்த பொடியைக் கொட்டும்போது முகக்கவசமும், முக்கிப் பிழியும்போது கண்ணாடியும் அவசியம். கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

முக்குவதும் போர்த்துவதும்

துணியை முதலில் வெறும் தண்ணீரில் நனைத்து, சொட்டாத அளவுக்கு நன்றாகப் பிழிந்துகொள்ளுங்கள். காய்ந்த துணியைப் போட்டால் அது சிமென்ட்டை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும், மேலே கெட்டியாகப் படியும், உள்ளே காற்று நிற்கும்.

கலவைக்குள் துணியைப் போட்டு, ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை கையால் கசக்குங்கள். துணி துவைப்பது போலத்தான், ஆனால் அவசரமில்லாமல். கசக்கும்போது சின்னச் சின்னக் குமிழிகள் மேலே வரும். அவை வருவது நிற்கும் வரை கசக்க வேண்டும். 5 நிமிடமாவது ஆகும். பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் இரண்டு முறை முக்கி எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். துணியின் ஒரு ஓரத்தை விரித்துப் பாருங்கள், நூல் நிறம் எங்கேயும் தெரியக் கூடாது. இறுகிய பிறகு தொட்டியின் குறுக்குவெட்டில் துணி தனி, சிமென்ட் தனி என்று அடுக்கடுக்காக உரிந்தால், இந்தக் கசக்கல் போதவில்லை என்று அர்த்தம்.

எடுக்கும்போது பிழியாதீர்கள். இரண்டு மூலைகளைப் பிடித்துத் தூக்கி, வழிவது வழியட்டும் என்று சில நொடிகள் விடுங்கள். நனைந்த டவல் எதிர்பாராத அளவு கனக்கும், இன்னொருவர் கூட நின்றால் நல்லது. துணியின் நடுப்புள்ளி வாளியின் நடுவில் வருமாறு போர்த்துங்கள். முன்பே நடுவில் ஒரு தையல் போட்டு அடையாளம் வைத்திருந்தால் இந்த நேரத்தில் தடுமாற வேண்டியதில்லை.

மேற்பரப்பைக் கையால் தடவித் தட்டையாக்கிய பிறகு மடிப்புகளுக்கு வாருங்கள். துணி தானாகவே சில இடங்களில் மடியும். அதோடு சண்டை போடாமல், விழுந்த மடிப்பை ஆழமாக்கி, தட்டையாகக் கிடக்கும் இடத்தில் இரண்டு விரலால் கிள்ளி வெளியே இழுத்துப் புது மடிப்பு உண்டாக்குங்கள். எல்லாம் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருந்தால் இயந்திரத்தில் செய்தது போல இருக்கும். இரண்டு துணிப்பரப்பு ஒன்றோடொன்று ஒட்டிப்போகும் அளவுக்கு மடிப்பை நெருக்காதீர்கள். அந்தச் சந்தில் அப்புறம் மண்ணும் தண்ணீரும் தங்கும். விளிம்பு வாளிக்குக் கீழே உட்பக்கமாக மடிந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அப்படி இருந்தால் இறுகிய பிறகு வாளி வெளியே வராது. மடிப்பு சரிந்து விழுந்தால் உள்ளே ஒரு குச்சியோ பிளாஸ்டிக் பாட்டிலோ முட்டுக் கொடுக்கலாம்.

கலக்க ஆரம்பித்ததிலிருந்து இது முடியும் வரை அரை மணி நேரத்துக்குள் இருக்கட்டும். இறுக ஆரம்பித்த துணியை மறுபடி இழுத்தால் உள்ளுக்குள் வெடிக்கும். கலவை கெட்டியாகிவிட்டதே என்று தண்ணீர் விட்டு இளக்குவதும் கூடாது.

வடிகால் துளை

போர்த்திய ஒன்றிரண்டு மணி நேரத்தில், கலவை விரல் பதியாத அளவுக்கு விறைத்ததும், அடிப்பாகத்தின் நடுவில் ஒரு கத்திமுனையால் துணியோடு சேர்த்துக் கீறி, 15 மில்லிமீட்டர் அளவில் துளைத்து, எண்ணெய் தடவிய ஒரு குழாய்த் துண்டைச் செருகிவையுங்கள். மறந்துவிட்டால் ஒரு வாரம் கழித்து டிரில் இயந்திரத்தில் கான்கிரீட் பிட் போட்டுத் துளையிடலாம். அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, இயந்திரத்தின் சுத்தியல் முறையை (ஹேமர்) அணைத்துவிட்டு, சிறிய பிட்டில் தொடங்குங்கள். மெல்லிய ஓட்டில் சுத்தியல் அதிர்வு பட்டால் மறுபக்கம் சில்லு பெயரும்.

இறுகவிடுவது

சிமென்ட் காய்ந்து கெட்டியாவதில்லை. தண்ணீரோடு வேதிவினை புரிந்துதான் கெட்டியாகிறது. தண்ணீர் போய்விட்டால் அந்த வினை பாதியில் நின்றுவிடும். 5 மில்லிமீட்டர் ஓடு வெயிலிலும் காற்றிலும் மிக வேகமாக ஈரத்தை இழக்கும், எனவே தடித்த சுவரை விட இதற்குத்தான் கவனிப்பு அதிகம் தேவை. வேலையை நிழலில் செய்யுங்கள். மேற்பரப்பு விறைத்தவுடன் பாலித்தீன் தாளால் தளர்வாக மூடிவிடுங்கள். வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் இடங்களில் வினை மிகவும் மெதுவாகிவிடும். அங்கே வீட்டுக்குள் வைத்துச் செய்யுங்கள்.

24 மணி நேரம் கழித்து, குளிரான நாளென்றால் 48 மணி நேரம் கழித்து, தொட்டி வாளியில் இருக்கும்போதே வெளிப்பக்கத்துக்குப் பூச்சு கொடுக்க வேண்டும். இரண்டு பங்கு சிமென்ட்டுக்கு ஒரு பங்கு பொடி மணல், லேடெக்ஸ் கலந்த தண்ணீர் என்று முதல் கலவையை விடச் சற்றுக் கெட்டியாகப் புதிதாகக் கலந்துகொள்ளுங்கள். தொட்டியின் மேல் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, தண்ணீர் தேங்காத நிலையில், பழைய பிரஷ்ஷால் மடிப்புகளின் உட்குழிவு வரை குத்திக் குத்திப் பூசுங்கள். விளிம்புக்கு இரண்டு முறை. சில மணி நேரம் இடைவெளி விட்டு இன்னொரு பூச்சு. டவலின் சொரசொரப்பு தெரிய வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் வெளியே ஒரு பூச்சோடு நிறுத்திக்கொண்டு, உட்பக்கத்தைக் கனமாக்கலாம்.

மூன்றாம் நாள் வாளியை உருவுங்கள். பாலித்தீனைப் பிடித்து மெதுவாக ஆட்டினாலே வரும். வராவிட்டால் வாளிக்கும் தாளுக்கும் நடுவே வெந்நீர் ஊற்றிச் சற்று நேரம் விடுங்கள். திருப்பும்போது விளிம்பைப் பிடிக்காமல் இரண்டு கையையும் உடம்பில் கொடுத்துத் தூக்குங்கள், அந்த நாளில் விளிம்பு இன்னும் பலவீனம்தான். உட்பக்கத்தையும் ஈரமாக்கி இரண்டு பூச்சு கொடுத்து, மறுபடி பாலித்தீனில் சுற்றி, மொத்தமாக 7 நாள் ஈரம் காயாமல் வைத்திருங்கள். தினமும் காலை, மாலை தெளித்தால் போதும். 7 நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பலம் வந்துவிடும். கட்டடக் கணக்கில் முழுப் பலத்துக்கு 28 நாள் என்பார்கள். மண் நிரப்புவதை அதுவரை தள்ளிப்போட முடிந்தால் நல்லது.

காரத்தை எடுப்பது

புதுத் தொட்டியில் நேராகச் செடி நட்டால், சிமென்ட்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணின் காரத்தைக் கூட்டும். இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேர் எடுத்துக்கொள்ள முடியாமல் போகும். இலை நரம்பு பச்சையாக, இடைப்பகுதி மஞ்சளாக மாறினால் அதுதான் விஷயம். எனவே 7 நாள் முடிந்ததும் தொட்டியைத் தண்ணீரில் முழுக்க ஊறவையுங்கள், அல்லது துளையை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, ஒரு வாரம், பத்து நாள் தினமும் மாற்றுங்கள். இதுவே க்யூரிங்கும், அதாவது ஈரம் காட்டி இறுகவைப்பதும், ஆகிவிடும். கடைசி நாள் தண்ணீரில் பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். 8, 8.5-க்கு அருகே வந்தால் போதும். வினிகரில் ஊறவைத்தால் சீக்கிரம் வேலை முடியும் என்று சொல்வார்கள். அமிலம் சிமென்ட்டையே அரிக்கும், அதனால் நீர்த்த வினிகரில் ஒரு முறை துடைத்துக் கழுவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் வெள்ளையாக உப்புப் பூத்தால் பயப்பட வேண்டாம், காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும்.

நிறமும் சீலரும்

கலவையிலேயே நிறம் சேர்ப்பதானால் இரும்பு ஆக்சைடு நிறப்பொடி, சிமென்ட் எடையில் 5 சதவீதம் போதும். 10-ஐத் தாண்டினால் பலம் குறையும். எல்லாப் பூச்சுகளுக்கும் ஒரே அளவில் எடை போட்டுக் கலக்குங்கள், கண் அளவில் போட்டால் தொட்டி திட்டுத்திட்டாக வரும். மேலே வண்ணம் தீட்டுவதானால் அக்ரிலிக் வெளிச்சுவர் பெயின்ட் எடுங்கள். எண்ணெய்ப் பெயின்ட் சிமென்ட்டின் காரத்தோடு சேர்ந்து சோப்பாக மாறி உரிந்துவிடும்.

உட்பக்கம் நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர் சார்ந்த அக்ரிலிக் சீலர் (நுண்துளைகளை அடைக்கும் பூச்சு) இரண்டு கோட் அடித்தால் சுண்ணாம்பு கசிவதும், ஈரம் வெளியே வந்து கறை படிவதும் குறையும். பனி உறையும் இடங்களில் இது கட்டாயம். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். ஓட்டுக்குள் ஊறிய தண்ணீர் அப்படி விரிந்தால் தொட்டி பிளந்துவிடும்.

செடி

கள்ளி, கற்றாழை, எச்சிவேரியா, ரோஸ்மேரி, லாவெண்டர் போன்றவை கொஞ்சம் காரத்தைப் பொறுத்துக்கொள்ளும். அசேலியா, கமேலியா, புளூபெர்ரி போன்ற அமில மண் செடிகளை இதில் நேராக வைக்க வேண்டாம். வேர் தடிக்கும் மரவகைகளும் கூடாது, அவை உள்ளிருந்து தள்ளி ஓட்டைப் பிளந்துவிடும். அப்படிப்பட்ட செடிகள்தான் வேண்டும் என்றால் பிளாஸ்டிக் தொட்டியோடு உள்ளே இறக்கிவிடுங்கள். மடிப்புகளின் ஆழத்தில் மண் இறங்காமல் காற்றுப்பை நிற்கும். நிரப்பும்போது குச்சியால் குத்திவிட்டுக்கொண்டே நிரப்புங்கள். துளை அடைபடாமலிருக்கத் தொட்டியை மூன்று சின்னக் கட்டைகளின் மேல் வையுங்கள்.

நாளாக நாளாக விளிம்பில் எங்காவது துணி தெரிந்தால் உடனே பார்த்துவிடுங்கள். தெரியும் நூலைக் கத்தரித்து, அந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஈரமாக்கி, லேடெக்ஸ் கலந்த கெட்டிச் சிமென்ட்டை விரலால் அழுத்தித் தேய்த்து, மூன்று நாள் ஈரத்துணியால் மூடிவைத்தால் போதும். முடிபோன்ற வெடிப்புக்கும் இதே வைத்தியம்தான். வெடிப்பு அடியிலிருந்து விளிம்பு வரை ஒரே கோடாக ஓடினால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை, உடைத்து இன்னொரு தொட்டிக்கு அடியில் வடிகால் சில்லாகப் போட்டுக்கொள்ளலாம். வாளி கழுவிய சிமென்ட் தண்ணீரைச் சாக்கடையிலோ செடிகளிலோ ஊற்றாதீர்கள். ஒரு பழைய டப்பாவில் விட்டு வைத்தால் மறுநாள் அடியில் கல்லாக இறுகியிருக்கும். அதைக் கட்டட இடிபாட்டோடு போட்டுவிடலாம். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரும் கடுமையான காரம்தான். அதைத் தனியே எடுத்து வைத்து, அடுத்த தொட்டிக்குக் கலவை போடும்போது பயன்படுத்திக்கொள்ளுங்கள்.